வேதாகம வினாடி வினா: பத்து வாரத்தில் ஓர் அணியைத் தயார் செய்வது எப்படி?

கேள்வி: நாங்கள் மலேசியாவில் பேராக், சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு சிறிய தமிழ்ச் சபை. பிள்ளைகளில் பாதிப் பேர் தோட்டத்திலிருந்து வருகிறவர்கள். வட்டார வாலிபர் வேதாகம வினாடி வினாவுக்கு இன்னும் பத்து வாரம் இருக்கிறது. பகுதி: மாற்கு, ரூத், பிலிப்பியர். மேடையில் நால்வர், ரிசர்வ் ஒருவர். படிவம் 5 படிக்கும் மாணவி ஒருத்தி எல்லாவற்றையும் மனப்பாடமாகச் சொல்வாள். மற்றவர்கள் எந்தக் கேள்விக்கும் அவள் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். தமிழ்ப்பள்ளியில் படிக்காத பையன்கள் இருவருக்குத் தமிழ் வாசிக்கத் திணறுகிறது. போன முறை வகுப்பில் சரியாகச் சொன்னதையெல்லாம் மேடையில் தவற விட்டார்கள், மணியை முந்தி அடித்து மைனஸ் வாங்கினார்கள், கடைசி இடம். சனி, ஞாயிறு மட்டும்தான் பயிற்சிக்குக் கிடைக்கும். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் விதித்தாளிலிருந்து தொடங்குங்கள், வேதாகமத்தைப் பிறகு திறக்கலாம். ஏற்பாட்டாளரிடம் வாட்ஸ்அப்பில் எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள். எந்த மொழிபெயர்ப்பின் சொல்லை விடையாக ஏற்பார்கள்? மணி அடித்ததும் கேள்வியை நிறுத்துவார்களா, முழுதாக வாசிப்பார்களா? விடைக்கு எத்தனை விநாடி? கலந்து பேசலாமா? தவறினால் எத்தனை மதிப்பெண் குறையும், கேள்வி அடுத்த அணிக்குப் போகுமா? அதிகாரம், வசன எண் சொல்ல வேண்டுமா? ஆங்கில ஞாயிறு பள்ளியில் பழகிய பிள்ளை ரூத்தின் மாமியாரான நகோமியை ‘நவோமி’ என்று சொன்னால் ஏற்பார்களா? இந்த ஏழுக்கும் விடை தெரியாமல் பயிற்சி தொடங்கினால், பத்து வாரமும் வேறு ஒரு போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருப்பீர்கள். பெரும்பாலான தமிழ்ச் சபைகளில் பழைய மொழிபெயர்ப்புத்தான் புழக்கம் என்பதால் கீழே உள்ள எடுத்துக்காட்டுகளை அதிலிருந்தே தருகிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்தால் பிள்ளைகளுக்குப் பகுதி தெரியவில்லை என்று தோன்றவில்லை. தெரிந்ததெல்லாம் ஒரே தலைக்குள் இருக்கிறது. மற்ற மூவர் பொறுப்பில் எதுவும் இல்லை. பொறுப்பு இல்லாத பிள்ளை மேடையில் பார்வையாளன்தான். ஆகவே முதல் சனிக்கிழமையே பகுதியைப் பங்கு போடுங்கள்.

பங்கு போடும்போது அதிகாரக் கணக்கில் ஏமாறாதீர்கள். மாற்கு 14ஆம் அதிகாரத்தில் மட்டும் 72 வசனம். 16ஆம் அதிகாரத்தில் 20தான். வசனத்தை எண்ணுங்கள். மாற்கு 678, ரூத் 85, பிலிப்பியர் 104, ஆக 867. நால்வருக்கு இப்படிப் பிரிக்கலாம்: மாற்கு 1 முதல் 5 வரை (192 வசனம்), 6 முதல் 10 வரை (233), 11 முதல் 15 வரை (233), மாற்கு 16உடன் ரூத்தும் பிலிப்பியரும் (209). நாளுக்கு எட்டு வசனம் என்றால் முப்பது நாளில் யாருடைய பங்கும் முடிந்துவிடும்.

யாருக்கு எது? மனப்பாடத்தில் வல்லவளான அந்தப் பெண்ணுக்குக் கடைசிப் பங்கு. பிலிப்பியர் நிருபம் (கடிதம்), சம்பவம் குறைவு, கேள்விகள் பெரும்பாலும் வசனத்தை நிறைவு செய்யச் சொல்லியே வரும். 4:8இல் உள்ள எட்டும் (உண்மை, ஒழுக்கம், நீதி, கற்பு, அன்பு, நற்கீர்த்தி, புண்ணியம், புகழ்), 3:5இல் பவுல் தன்னைப் பற்றி அடுக்குவதும் வரிசை மாறாமல் வர வேண்டும். அது அவளுக்குக் கைவந்த கலை. வாசிக்கத் திணறும் பையன்களில் ஒருவனுக்கு மாற்கு 1 முதல் 5 வரை கொடுங்கள்: வசனம் குறைவு, எல்லாம் சம்பவம், காதால் கேட்டே பிடித்துவிடலாம். மற்றவன் ரிசர்வ் என்றால் அவனையும் இதே பங்கில் சேருங்கள். இருவரும் ஒருவரை ஒருவர் கேள்வி கேட்கட்டும். பாடுவார வரலாறு வரும் 11 முதல் 15 வரை நுணுக்கம் பார்க்கிற பிள்ளைக்கு. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

தமிழ் வாசிக்க வராத பிள்ளையிடம் பத்து வாரத்தில் வாசிப்பைக் கற்றுக்கொடுத்து, அதன் பிறகு மாற்குவைக் கற்றுக்கொடுக்க முடியாது. காது வழியே போங்கள். கைப்பேசியில் தமிழ் ஒலி வேதாகமம் கிடைக்கிறது. அன்றைய எட்டு வசனத்தை மூன்று முறை கேட்கட்டும். முதல் முறை கேட்பது மட்டும், இரண்டாம் முறை கூடவே சொல்வது, மூன்றாம் முறை நிறுத்தி நிறுத்தி அடுத்த சொல்லைத் தானே சொல்வது. வீட்டில் பாட்டி இருந்தால் இன்னும் நல்லது. பழைய தமிழ் வேதாகமத்தைத் தடையில்லாமல் வாசிக்கிற பாட்டிகள் தோட்டத்துச் சபைகளில் உண்டு. அந்தத் திறமையை நம் வாலிபர் கூட்டங்கள் பயன்படுத்துவதே இல்லை. மலாய் எழுத்தில் தமிழை எழுதிப் படிப்பதை முதல் மாதம் தடுக்க வேண்டாம். எழுத்துச் சுற்று இருந்தால் மட்டும் எழுதுகிறவர் வேறொருவராக இருக்கட்டும்.

பழைய மொழிபெயர்ப்பின் சொற்கள் இக்காலப் பிள்ளைகளுக்குத் தனிப் பாடம். யோவான் ஸ்நானன் ‘தன் அரையில் வார்க்கச்சையைக்’ கட்டியிருந்தான் (மாற்கு 1:6) என்றால், இடுப்பில் தோல் கச்சை என்று யாராவது சொல்லித்தர வேண்டும். இல்லையென்றால் ‘அரை’ என்றதும் பாதி என்றுதான் நினைப்பார்கள். மாற்கு 15:25இல் சிலுவையில் அறைந்த ‘மூன்றாம்மணி வேளை’ மதியம் மூன்று மணி அல்ல, காலை ஒன்பது. 15:33இல் இருள் சூழ்ந்த ஆறாம் மணி முதல் ஒன்பதாம் மணி வரை என்பது நண்பகலிலிருந்து பிற்பகல் மூன்று வரை. இது புரிந்துவிட்டால் வரிசை தானாக நிற்கும். ஆனால் விடை சொல்லும்போது வேதாகமத்தில் உள்ளபடி ‘மூன்றாம்மணி வேளை’ என்றே சொல்லப் பழக்குங்கள். பொருள் தெரிந்த பிள்ளை மறக்காது. பொருளை மட்டும் சொன்னால் மதிப்பெண் கிடைக்காமல் போகலாம்.

ஒவ்வொரு நாளும் எட்டு வசனத்திலிருந்து நான்கு கேள்விச் சீட்டு. பயிற்சிப் புத்தகத் தாளை நான்காக வெட்டினால் போதும், அட்டை வாங்கக் காசு செலவழிக்க வேண்டாம். முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடையும் வசன எண்ணும், ‘எதோடு குழம்பும்’ என்று ஒரு வரியும். எழுத முடியாத பிள்ளை குரல்பதிவாக அனுப்பட்டும், ரிசர்வ் ஆளோ நீங்களோ எழுதிக்கொள்ளுங்கள். மாதக் கடைசியில் நானூற்று முப்பதுக்கு மேல் சீட்டு கையில் இருக்கும். ஒவ்வொன்றையும் வேதாகமத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது உங்கள் வேலை. இதில் சலித்துக்கொள்ளாதீர்கள். தவறான ஒரு சீட்டை இருபது தடவை கேட்ட பிள்ளையிடமிருந்து அந்தத் தவற்றைப் பிடுங்கி எடுப்பது, புதிதாக ஒன்றைக் கற்பிப்பதைவிடக் கடினம்.

இனி, வகுப்பில் தெரிந்தது மேடையில் தவறுவதற்கு முக்கியக் காரணம்: கலப்பு. ஞாயிறு பள்ளியில் கேட்ட கதை நான்கு சுவிசேஷங்களும் (மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான்) கலந்த கதை. போட்டியில் கேட்பது மாற்கு மட்டும். சேவல் கூவுவதற்குமுன் பேதுரு மறுதலிப்பான் என்பது எல்லாருக்கும் தெரியும். மாற்கு 14:30இல் ‘சேவல் இரண்டுதரம் கூவுகிறதற்குமுன்னே’. எரிகோவில் மத்தேயு இரண்டு குருடரைச் சொல்கிறார், மாற்கு ஒருவனை, அதுவும் பெயரோடு. கதரேனருடைய நாட்டில் அசுத்த ஆவி பிடித்தவன் மாற்குவில் ஒருவன், மத்தேயுவில் இருவர். பன்றிகள் ஏறக்குறைய இரண்டாயிரம் என்ற எண் மாற்குவில் மட்டும்தான் (5:13). சிலுவையில் அறையுமுன் கொடுத்தது மாற்குவில் வெள்ளைப்போளம் கலந்த திராட்சரசம் (15:23). மத்தேயுவில் கசப்புக் கலந்த காடி. மாற்குவில் ‘எலோயீ! எலோயீ!’, மத்தேயுவில் ‘ஏலீ! ஏலீ!’. ஆயத்துறையில் (வரி வசூலிக்கும் இடத்தில்) அழைக்கப்பட்டவனை மாற்கு 2:14 அல்பேயுவின் குமாரனாகிய லேவி என்கிறது. மத்தேயு சுவிசேஷத்தில் அவன் பெயர் மத்தேயு. பிள்ளை அந்தப் பெயரைச் சொன்னால் நடுவர் ஏற்பாரா என்பது அவர் மனதைப் பொறுத்தது. அடுத்த அதிகாரத்திலேயே அல்பேயுவின் குமாரன் யாக்கோபு என்று இன்னொருவர் வருகிறார் (3:18), அங்கேயும் ஒரு கண்ணி.

ஆகவே போட்டி முடியும்வரை மற்ற மூன்று சுவிசேஷங்களைப் பயிற்சிக்குக் கொண்டுவராதீர்கள். சில போதகர்கள் இதற்குச் சம்மதிக்க மாட்டார்கள். பத்து வாரம்தான் என்று சொல்லிப் பாருங்கள்.

ஒரே புத்தகத்துக்குள்ளேயே குழம்புவது இரண்டாம் வகை. 5ஆம் அதிகாரத்தில் பெரும்பாடுள்ள ஸ்திரீக்குப் பன்னிரண்டு வருஷம், யவீருவின் மகளுக்கும் பன்னிரண்டு வயது. அப்பம் வாங்க இருநூறு பணம் (6:37), பரிமள தைலம் விற்றால் முந்நூறு பணத்துக்கு மேல் (14:5). ஐயாயிரம் பேருக்கு ஐந்து அப்பம், இரண்டு மீன், மீதி பன்னிரண்டு கூடை. நாலாயிரம் பேருக்கு ஏழு அப்பம், சில சிறு மீன்கள், மீதி ஏழு கூடை. இதை 8:19, 20இல் இயேசுவே சீஷரிடம் கேட்டு விடை வாங்குகிறார், வினாடி வினா ஆசிரியருக்கு அதைவிட நல்ல முன்மாதிரி வேண்டாம். மிகவும் மாட்டிவிடுவது ஸ்திரீகளின் பட்டியல்: சிலுவையருகே மகதலேனா மரியாள், சின்ன யாக்கோபுக்கும் யோசேக்கும் தாயாகிய மரியாள், சலோமே என மூவர் (15:40), அடக்கத்தைப் பார்த்தவர்கள் மகதலேனா மரியாளும் யோசேயின் தாயாகிய மரியாளும் இருவர்தான் (15:47), கல்லறைக்கு வந்தவர்கள் மறுபடி மூவர் (16:1). இதற்காகத்தான் 11 முதல் 15 வரை நுணுக்கக்காரரிடம் கொடுக்கச் சொன்னேன். 16ஐ வைத்திருப்பவளும் அவரும் இந்த மூன்று வசனத்தைச் சேர்ந்தே படிக்கட்டும்.

ரூத் நான்கே அதிகாரம், எளிது என்று விட்டுவிடுவார்கள். ரூத்தின் முதல் கணவன் மக்லோனா கிலியோனா? முதல் அதிகாரத்தைத் தேடினால் கிடைக்காது. 4:10இல்தான் மக்லோன் என்று வருகிறது. கதிர் பொறுக்கித் தட்டியது ஏறக்குறைய ஒரு மரக்கால் வாற்கோதுமை (2:17), போவாஸ் அளந்து கொடுத்தது ஆறு படி (3:15). பத்து வருஷம் ஓரிடத்தில் (1:4), பத்து மூப்பர் ஓரிடத்தில் (4:2). கடைசி வம்சவரிசையில் பேரேஸ் முதல் தாவீது வரை பத்துப் பெயர். ஒரு பெயர் விடாமல் விரல்விட்டுச் சொல்லப் பழக்குங்கள்.

இந்த இணைகளையெல்லாம் எப்போதும் சேர்த்தே கேளுங்கள். ‘எத்தனை கூடை?’ என்று தனியாகக் கேட்காமல், ‘ஐயாயிரத்துக்கு எத்தனை, நாலாயிரத்துக்கு எத்தனை?’ என்று ஒரே மூச்சில். தனித்தனியாகப் படித்தவைதான் மேடையில் ஒன்றோடொன்று மோதும்.

மணிக்கு வருவோம். ஆங்கில வினாடி வினாக் காணொளிகளைப் பார்த்துவிட்டு முதல் நான்கு சொல்லிலேயே மணியடிக்கப் பார்க்கிறார்கள். ஆங்கிலத்தில் கேள்விச்சொல் முதலில் வந்துவிடும். தமிழ்க் கேள்வியில் தீர்க்கிற சொல் வாலில் இருக்கிறது. பாருங்கள்: ‘எரிகோவைவிட்டுப் புறப்படுகிறபோது வழியருகே உட்கார்ந்து பிச்சை கேட்டுக்கொண்டிருந்த குருடனுடைய தகப்பன் பெயர் என்ன?’ ‘குருடனுடைய’ என்ற இடத்தில் அடித்தவன் பர்திமேயு என்பான். விடை திமேயு. ‘சிலுவையைச் சுமக்கும்படி பலவந்தம்பண்ணப்பட்ட சீமோனின்...’ என்று தொடங்கும் கேள்வி ஊரில் முடியலாம், மகன்கள் பெயரில் முடியலாம்; சிரேனேயா, அலெக்சந்தரும் ரூப்புமா?

பயிற்சி இப்படி: நீங்கள் கேள்வியை ஒவ்வொரு சொல்லாக, ஒரு விநாடி இடைவெளி விட்டு வாசியுங்கள். இனி ஒரே ஒரு விடைதான் இருக்க முடியும் என்று தோன்றும் சொல்லில் பிள்ளைகள் கை தூக்கட்டும். தூக்கியதும் விடையைக் கேட்காதீர்கள். ‘இந்தக் கேள்வி வேறு எப்படி முடியலாம்?’ என்று கேளுங்கள். வேறு முடிவு ஒன்று சொல்ல முடிந்தால் அவன் முந்திவிட்டான். ஒரு சனிக்கிழமைக்குப் பதினைந்து கேள்வி போதும், மூன்று வாரத்தில் கை தானாக நிதானப்படும்.

கணக்கும் தெரியட்டும். சரிக்குப் பத்து, தவறுக்கு மைனஸ் ஐந்து என்றால் மூன்றில் ஒன்று சரியானாலே நஷ்டமில்லை என்று கணக்கில் கெட்டிக்காரப் பையன் சொல்வான். ஆனால் தவறியதும் கேள்வி முழுதாக எதிரணிக்குப் போய், அவர்களுக்குப் பத்து கிடைத்தால், உங்களுக்கு இடைவெளி பதினைந்து. அப்படிப் பார்த்தால் ஐந்துக்கு மூன்று தடவையாவது சரியாக வரும் என்ற உறுதி இருந்தால்தான் அடிக்கலாம். தவறினால் கேள்வி அடுத்த அணிக்குப் போகாது என்ற விதி இருந்தால் கொஞ்சம் துணிந்து அடிக்கலாம். முதலில் விதித்தாளைக் கேட்டது இதற்குத்தான்.

மணிக்கருவிக்காகக் கவலைப்பட வேண்டாம். மேசை மணி இரண்டு, யார் கை முந்தியது என்று பார்க்க ஓர் ஆள், அது பயிற்சிக்குப் போதும். போட்டியில் கை வைத்தால் மற்றதெல்லாம் பூட்டிக்கொள்ளும் பஸ்ஸர் என்றால், ஒரு தடவையாவது அதை அழுத்திப் பார்க்கப் போட்டி நாளில் சீக்கிரம் போங்கள். சில பொத்தான்களை அடிவரை அழுத்தினால்தான் வேலை செய்யும்.

கலந்து பேசும் சுற்றுகளில் உட்காரும் வரிசை முக்கியம். அந்தப் பெண்ணை நடுவில் உட்கார வைக்காதீர்கள், கேப்டனாகவும் ஆக்காதீர்கள். ஓரத்தில் இருக்கட்டும். கேப்டன் நடுவில், தெளிவான குரலுள்ள, பதறாத பிள்ளை. கேள்வி எந்தப் பங்கில் விழுகிறதோ அந்தப் பங்குக்காரர் மேசையை ஒரு தட்டு தட்டினால் ‘எனக்குத் தெரியும்’; தலையாட்டினால் ‘உதவி வேண்டும்’. தலையாட்டிய பிறகுதான் மற்றவர் வாய் திறக்கலாம், அவள் உட்பட. முதல் இரண்டு வாரம் அவளுக்கு இது கோபம் வரும், தெரிந்த விடை கைவிட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும். முன்கூட்டியே அவளிடம் தனியாகப் பேசிவிடுங்கள். எஸ்.பி.எம். (படிவம் 5 முடிவில் எழுதும் அரசுத் தேர்வு) ஆண்டு என்பதால் இந்த ஏற்பாடு அவளுக்கும் சுமை குறைவு; அதற்கு முன் வரும் டிரையல் (மாதிரி) தேர்வு வாரத்தில் சீட்டே வேண்டாம் என்று பெற்றோரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

விடையைச் சொல்வதிலும் பழக்கம் வேண்டும். ஒரு மூச்சு, பிறகு விடை, ஒரே தடவை, கேட்டது மட்டும். ‘யார்?’ என்றால் பெயர். தெரிந்ததையெல்லாம் கொட்டுகிற பிள்ளை சரியான விடையோடு தவறான ஒன்றையும் சேர்த்துச் சொல்லி மதிப்பெண்ணை இழக்கும்.

கால அட்டவணையை இறுக்கமாகப் போட வேண்டாம். முதல் நான்கு வாரம் தன் பங்கு. ஐந்து முதல் ஏழு வரை சீட்டுக்கட்டை வலப்பக்கத்தவரிடம் மாற்றிக் கொடுத்து, ஒவ்வொரு பங்குக்கும் இரண்டாவது ஆளை உண்டாக்குங்கள். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும் பங்கு அநாதையாகாது. கடைசி மூன்று வாரம் முழு ஒத்திகை. சனிக்கிழமை ஒன்றரை மணி நேரம். ஞாயிறு ஆராதனைக்குப் பின் முக்கால் மணி, அதுவும் வயிற்றுக்கு நாசி லெமாக்கோ மீஹூனோ போன பிறகு. வாரநாளில் இரவு எட்டரைக்கு வாட்ஸ்அப்பில் இரண்டு கேள்வி, குரல்பதிவாக. எழுத்தில் அனுப்பினால் அந்தப் பையன்கள் இருவரும் திறக்கவே மாட்டார்கள். மழையில் மோட்டாரில் அழைத்து வர அப்பாவால் முடியாத நாளுக்கு வீடியோ அழைப்பு போதும்.

ஒத்திகையில் கேள்வி கேட்பது நீங்களாக இருக்கக் கூடாது. உங்கள் குரலுக்கும் நீங்கள் நிறுத்தும் இடத்துக்கும் பழகிவிட்டார்கள். போதகர், மூப்பர், வேறு சபையிலிருந்து ஒருவர் என்று வாரம் ஒரு குரல். நின்றுகொண்டு, ஒலிவாங்கியில், நாற்பது கேள்வி, விதித்தாளில் உள்ள விநாடிக் கணக்கோடு. ஜின்க் கூரை மண்டபத்தில் பிற்பகல் மழை கொட்டினால் ஒத்திகையை நிறுத்தாதீர்கள். ‘கேள்வியை மறுபடி வாசியுங்கள்’ என்று மரியாதையாகக் கேட்கப் பழக அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

ஒவ்வொரு தவறுக்கும் பக்கத்தில் நான்கில் ஒரு காரணத்தைக் குறியுங்கள்: தெரியாது, கலந்தது, அவசரம், வாய் தவறியது. மொத்த மதிப்பெண்ணைவிட இந்தக் குறிப்புத்தான் பயன். ‘தெரியாது’ அதிகம் என்றால் சீட்டு. ‘கலந்தது’ என்றால் இணைக்கேள்வி. ‘அவசரம்’ என்றால் சொல் சொல்லாக வாசிக்கும் பயிற்சி. ‘வாய் தவறியது’ என்றால் எயோதியாள், சிந்திகேயாள், எப்பாப்பிரோதீத்து, பொவனெர்கேஸ் போன்ற பெயர்களை உரக்கச் சொல்ல வையுங்கள். காரணம் பார்க்காமல் ‘இன்னும் நன்றாகப் படியுங்கள்’ என்று சொல்வதில்தான் பல அணிகளின் வாரங்கள் வீணாகின்றன.

போட்டிக்கு முந்திய நாள் புதிதாக எதுவும் வேண்டாம். குழம்பும் இணைகளை மட்டும் ஒரு சுற்று. போட்டி நாளில் ரிசர்வ் பிள்ளை உங்கள் அருகில், அனுமதிக்கப்பட்ட மொழிபெயர்ப்புப் புத்தகத்தோடு உட்காரட்டும். மூன்று புத்தகங்களுக்கும் அடையாளத்தாள் ஒட்டியிருக்க வேண்டும். சரியான விடையை நடுவர் தவறென்றால், அடுத்த கேள்வி தொடங்குமுன் கேப்டன் கை தூக்க வேண்டும், வசனத்தை எடுத்துக் காட்ட வேண்டும், நடுவர் சொல்வதை ஏற்றுக்கொண்டு உட்கார வேண்டும். முறையீடு செய்ய யாருக்கு உரிமை, அணிக்கா பயிற்சியாளருக்கா என்பதையும் அந்த வாட்ஸ்அப் கேள்விகளோடு எட்டாவதாகச் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.